ஒற்றை வரியும் அட்டவணைதான்

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வேலை விஷயமாக ஒருவர் தேடி வருகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காபி போட்டேன், முறுக்கு எடுத்து வைத்தேன், என் பழைய பெருமைகளில் இரண்டை எடுத்துவிட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தார்.

நான் எழுதி வைத்துவிட்டு வந்த கணக்கு நிரல்கள் சில இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றனவாம். கணினி மாறிவிட்டது, மொழியும் புதிய பிறவி எடுத்துவிட்டது, ஆனாலும் அவற்றைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு விநோதம். அட்டவணையிலிருந்து சில வரிகளைப் பிரித்தெடுக்கும் இடத்தில் எல்லாம் நான் ஒரு கூடுதல் சொல்லைச் சேர்த்திருக்கிறேன். ‘டிராப் வேண்டாம்’ என்று கணினிக்குச் சொல்லும் சொல். பெரும்பாலான இடங்களில் அதற்கு வேலையே இல்லை. எடுத்துவிட்டால் நிரல் சுத்தமாக இருக்குமே, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. பாதிக் கதையோடு ஒருவரை அனுப்பிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படியுங்கள். கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

எண்பதுகளின் பின்பகுதியில் கொடைக்கானலில் ஒரு பூண்டுத் திட்டத்தில் புள்ளியியல் உதவியாளராக இருந்தேன். நாயுடுபுரத்தில் ஒரு வாடகை வீடுதான் அலுவலகம். தகரக் கூரை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, அதனால் மழைக்காலத்தில் எங்களுக்குள் சண்டையே வராது. மேல்மலைக் கிராமங்களில் ஒரே அளவுள்ள சிறு நிலங்களில் புதிய விதைப்பூண்டைக் கொடுத்து, விளைச்சலை அளந்து, யாருக்கு எது ஒத்துவருகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. அளந்து கொண்டுவந்த எண்களை நான் ஒழுங்குபடுத்துவேன். கணக்குப் போடும் கணினி மதுரையில் ஒரு கல்லூரியில் இருந்தது. அங்கே ஒருவர் எங்களுக்காக நிரல் எழுதுவார். பெயர் வேண்டாம், மதுரைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரர், ஆனால் கணினியை யாராவது குறை சொன்னால் தன் பிள்ளையைச் சொன்னதுபோல முகம் சுருங்கிவிடும்.

அந்த மொழியை நான் கற்றதும் அவரிடம்தான். மாதம் ஒரு முறை வத்தலக்குண்டு வழியாகப் பஸ் பிடித்து, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கு இறங்குவேன். அட்டவணையில் இந்த வரி வேண்டும், அந்தப் பத்தி வேண்டும் என்று சதுர அடைப்புக்குறிக்குள் சொன்னால், அது அப்படியே பிரித்துக் கொடுத்துவிடும். எனக்கு அது கைகண்ட மருந்துபோல இருந்தது. அதுவரை அடிக்கோல் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தவள் இல்லையா.

மதுரைக்காரர் ஒரு நாள் கணினியோடு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பட்டியலுக்குள்ளிருந்து ஓர் உறுப்பை எடுத்து அதன் எண்களைக் கூட்டப் பார்க்கிறார், அது மாட்டேன் என்கிறது. விஷயம் சிறியது. ஒற்றை அடைப்புக்குறி போட்டால் அந்த மொழி பூண்டைப் பையோடு எடுத்துக் கொடுக்கும். இரட்டை அடைப்புக்குறி போட்டால்தான் பையைப் பிரித்துப் பூண்டைக் கையில் கொடுக்கும். இவர் பையை வைத்துக்கொண்டு கூட்டச் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்ததும் சிரித்துக்கொண்டே கேண்டீனுக்குப் போனோம். அந்த மாதிரித் தப்பு நல்ல தப்பு. கத்திச் சொல்லிவிடுகிறது, வேலையை நிறுத்திவிடுகிறது. நீங்களும் திருத்திவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

நான் சொல்ல வந்தது கத்தாத தப்பைப் பற்றி.

எங்கள் திட்டத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. மேல்மலை விவசாயக் குடும்பங்கள், எங்கள் சொந்தச் சோதனை நிலம், மூன்றாவதாக ஒரு சோலைக்காட்டை ஒட்டி இருந்த குடியிருப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைக் குடியமர்த்திய இடம் அது. அங்கே எட்டு வீடுகளுக்கு ஆளுக்கொரு படிநிலம் வருடக் குத்தகையில் கொடுத்திருந்தோம். விளைச்சல் சரியாக வந்தால் குத்தகை நீளும். வராவிட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்து மரக்கன்று நட்டுவிடுவார்கள். முடிவு செய்வது ஒரு குழு.

அந்த எட்டு வீட்டுக்காரர்களில் ஒருவர் தெய்வானையம்மாள். நுவரெலியா பக்கம் கொழுந்து பறித்தவர். இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் இவருக்கு இந்தியா என்று வந்தது, உடன்பிறந்தவர்களுக்கு அங்கேயே குடியுரிமை வந்தது. கணவர் கப்பல் ஏறும் முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தனியாக வந்தார், தனியாகவே இருந்தார். ஆனால் அழுமூஞ்சி இல்லை. எங்கள் ஆபீசரை ‘தொரை’ என்றுதான் கூப்பிடுவார். ஆபீசர் திண்டுக்கல்காரர், கருத்த மனிதர், குடை இல்லாமல் வெளியே வரமாட்டார். என்னைப் பார்த்தா தொரை மாதிரியாம்மா இருக்கு என்று அவர் கேட்க, பழகிப்போச்சுங்க தொரை என்று இவர் சொல்ல, அலுவலகமே சிரிக்கும்.

அந்த வருடம் அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் குடியிருப்பில் காட்டெருமைகள் இறங்கின. சோலை ஓரமாக இருந்த ஏழு நிலங்களும் சேறாகிவிட்டன. அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தெய்வானையம்மாள் வீட்டை ஒட்டியே நிலத்தைக் கேட்டு வாங்கியிருந்ததால் அவருடையது தப்பியது. அங்கே அளக்க நானே போயிருந்தேன். தராசில் முதலில் ஒரு சாக்கை வைத்தோம், பிறகு இன்னொரு சாக்கும் வேண்டியிருந்தது. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடப் பூண்டின் தாளைப் பின்னிக்கொண்டிருந்த அவர், அளந்ததையே மறுபடியும் அளக்கச் சொன்னார். நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஆசையாக இருக்கிறது என்றார்.

குழு கூடும் நாள் வந்தது. கூட்டம் மதியம். மதுரையிலிருந்து முடிவு முதல் நாள்தான் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது. பிரிவு வாரியாக மூன்று வரி, சராசரி விளைச்சல் மட்டும். மேல்மலை முப்பத்துமூன்று கிலோ. எங்கள் நிலம் முப்பத்தாறு. குடியிருப்பு பதினைந்து.

யாரும் திடுக்கிடவில்லை. நானும்தான். எருமை இறங்கிய இடம், பழக்கமில்லாத நிலம், குறைவாகத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். பதினைந்து அந்த நினைப்புக்குள் அளவெடுத்துத் தைத்ததுபோலப் போய் உட்கார்ந்துகொண்டது. தட்டெழுத்தர் ஸ்டென்சில் அடித்தார், சைக்ளோஸ்டைல் எந்திரத்தைச் சுற்றிப் படி எடுக்க ஆரம்பித்தார்கள். ஆபீசர் என்னிடம் வெரசா முடிம்மா, திண்டுக்கல்லுல இருந்து குழுத் தலைவர் பொறப்பட்டுட்டாராம் என்று சொல்லிவிட்டுத் தன் சட்டையை இஸ்திரிக்கு அனுப்பினார்.

அன்று வெள்ளனே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார் தெய்வானையம்மாள். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்திருந்தார். மடியில் ஒரு பை. எங்களுக்கென்று பூண்டு கொண்டுவந்திருந்தார். நான் வெளியே வந்ததும் பையை நீட்டிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“தரைய எடுத்துக்கிடுவாகளாம்மா? எல்லாரும் அப்பிடித்தான் கதைக்கிறாக.”

பையிலிருந்து ஒரு பூண்டை எடுத்தேன். கையை நிறைத்தது. இன்னொரு கையில் மை காயாத படி இருந்தது. இரண்டு சாக்கு நினைவுக்கு வந்தது. பதினைந்து கிலோவுக்கு எதற்கு இரண்டு சாக்கு?

உள்ளே ஓடினேன். முதலில் என் எண்ணம், கணினியில் ஏற்றும்போது யாரோ எண்ணைத் தப்பாக அடித்திருப்பார்கள் என்பது. முடிவோடு சேர்த்து மதுரைக்காரர் தரவையும் அச்சிட்டு அனுப்பியிருந்தார். தெய்வானையம்மாளின் வரியைப் பார்த்தேன். நான்கு பத்திகள். விளைச்சல் நாற்பத்திரண்டு கிலோ, அழுகல் மூன்று கிலோ, ஒரு பூண்டுக்குப் பல் பதினான்கு, இலை நோய்க்கான மதிப்பெண் ஒன்று. எல்லாம் சரி. உள்ளே போனது சரி, வெளியே வந்தது தப்பு.

மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்க நேரமாகும் என்றார்கள். ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டு வீட்டில் ஏழு நாசமாகியிருக்க, சராசரி குறையத்தானே செய்யும் என்றார். அந்த ஏழும் அளவில்லாத வரிகள், அவற்றை நிரல் முதலிலேயே ஒதுக்கிவிடும், கணக்கில் சேராது என்றேன். மெஷினு தப்புப் பண்ணாதேம்மா என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பத்து நிமிடம் முன்னால் நானும் அதையேதான் நம்பினேன்.

தொலைபேசி அடிக்காது என்று தெரிந்த பிறகு நிரலின் படியை எடுத்து மேசையில் விரித்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் கைகள் பறக்கும், கண் வரிகளைத் தாவும். நான் ஒன்று செய்தேன், இன்றைக்கும் அதை நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். நானே கணினி என்று வைத்துக்கொண்டேன். அது எதைச் செய்யச் சொல்லப்பட்டிருக்கிறதோ அதை மட்டும், என் அறிவைச் சேர்க்காமல், பென்சிலால் செய்துகொண்டே போனேன்.

அளவில்லாத வரிகளை நீக்கு. நீக்கினேன். குடியிருப்பின் வரிகளை எடு. எடுத்தேன், ஒன்றே ஒன்றுதான் வந்தது. அங்கே நின்றேன்.

அந்த மொழிக்கு ஒரு உபகார குணம் உண்டு. பல வரிகளை எடுத்தால் அட்டவணையாகவே கொடுக்கும். ஒரே ஒரு வரியை எடுத்தால், இதற்கு எதற்கு வரி, பத்தி என்று பெரிய ஏற்பாடு, வெறும் எண்களாகப் போதுமே என்று தானாகவே நினைத்துக்கொண்டு அட்டவணையின் சட்டத்தைக் கழற்றிவிடும். அதுதான் ‘டிராப்’. பெரும்பாலும் நமக்கும் அது வசதிதான். ஆனால் மதுரைக்காரரின் அடுத்த கட்டளை, வந்ததை அட்டவணையாக்கு என்பது. சட்டம் போன நான்கு எண்களை மறுபடி அட்டவணையாக்கச் சொன்னால், அது அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி ஒரே பத்தியாக்கிவிடும். அதற்கடுத்த கட்டளை, முதல் பத்தியின் சராசரியைச் சொல்.

நாற்பத்திரண்டும் மூன்றும் பதினான்கும் ஒன்றும் கூட்டினால் அறுபது. நான்கால் வகுத்தால் பதினைந்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிலோவையும் பூண்டுப் பல்லையும் நோய் மதிப்பெண்ணையும் ஒன்றாகப் போட்டு ஆட்டி, அதை விளைச்சல் என்று எழுதியிருக்கிறது. அதுவும் எவ்வளவு மரியாதையான எண். ஐந்நூறு என்று வந்திருந்தால் வாசலிலேயே பிடித்திருப்போம். பதினைந்து என்று வந்ததால் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். சிரிப்பு நின்றதும் கடிகாரத்தைப் பார்த்தேன். கூட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது, எந்திரம் இன்னும் படிகளைத் துப்பிக்கொண்டிருந்தது.

ஆபீசரிடம் பென்சில் கணக்கைக் காட்டினேன். அவர் ஒரு முறை பார்த்தார், மறுபடி கூட்டிப் பார்த்தார், எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். நான் பதினைந்தை அழித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று போடச் சொன்னேன். மூன்று பிரிவிலும் அதுதான் உச்சம். நிலம் தப்பிவிடும், இனி பேச்சே இருக்காது. என் மனம் வாசலுக்குப் போய்ச் செய்தியைச் சொல்லத் துடித்தது.

“எத்தனை பேரும்மா அதுல?” என்றார் ஆபீசர்.

ஒருவர்தான் என்றேன்.

“ஒருத்தர வச்சுச் சராசரின்னு எப்பிடிம்மா போடுவ? பதினஞ்சு பொய்யி. நாப்பத்திரெண்ட சராசரின்னு போட்டா அதுவும் பொய்யிதான். நமக்குப் புடிச்ச பொய்யி.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பொய் அந்த அம்மாவின் நிலத்தைப் பறிக்கப் பார்த்தபோது இத்தனை பேர் சும்மா இருந்தோம், ஒரு நல்ல எண் வரும்போது மட்டும் எதற்கு இந்த நியாயம் என்று கேட்டுவிட்டேன். ஆபீசரிடம் அப்படிப் பேசிய முதல் தடவை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எருமை இந்த வருஷம் ஏழு நிலத்தில் இறங்கியது, அடுத்த வருஷம் அந்த நாற்பத்திரண்டை நம்பிக் குழு வேறு எட்டு நிலத்தைக் கொடுத்து அதிலும் இறங்கினால் எந்த முகத்தோடு போய் நிற்பாய் என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது, அதுதான் அதிகம் எரிச்சலாக இருந்தது.

இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினோம். குடியிருப்பின் வரியைச் சராசரிகளிலிருந்து பிரித்துத் தனியாகக் கீழே போட்டோம். எட்டு வீடுகளில் அளக்க முடிந்தது ஒன்று. அதன் விளைச்சல் நாற்பத்திரண்டு கிலோ. மற்ற ஏழில் காட்டெருமை புகுந்ததால் அளவு இல்லை. இது சராசரி அல்ல. புது ஸ்டென்சில் அடித்து, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த விளக்கில், கையால் சுற்றிப் படி எடுத்தோம். பழைய படிகளை ஆபீசர் தன் கையாலேயே அடுப்பில் போட்டார்.

தலைவர் வந்தார். குளிருக்குக் காதை மூடியிருந்தார், அவரிடம் பேச வேண்டுமானால் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. மேல்மலை விவசாயிகள் சார்பில் பூண்டு போடும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். முதல் இரண்டு பிரிவும் சட்டென்று முடிந்தன. மூன்றாவது வந்ததும் தலைவர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒரே ஆளின் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் இந்தப் பிரிவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் ஆபீசரைப் பார்த்தேன். உங்கள் நேர்மையின் லட்சணத்தைப் பாருங்கள் என்ற பார்வை. அவர் எழுந்து, ஒன்றும் சொல்ல முடியாது என்றால் விளையவில்லை என்றும் சொல்ல முடியாது அல்லவா என்றார். தலைவர் அதற்கு அசையவில்லை. உடனே ஆபீசர் வாசல் பக்கம் திரும்பி, அந்த ஒரு ஆள் வெளியேதான் இருக்கிறார், அவரையே கேட்போம் என்று தெய்வானையம்மாளை உள்ளே அழைத்தார். எனக்கே அது எதிர்பாராதது.

அவர் வந்து சுவரோரமாக நின்றார். தலைவர் சொன்னதை ஆபீசர் மறுபடி விளக்கினார். அளக்க முடிந்தது ஒரே வீடுதான், அதனால் குடியிருப்பையே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். தெய்வானையம்மாள் ஆபீசரைப் பார்த்துக் கேட்டார்.

“என் ரேசன் கார்டுல என் பேரு ஒண்ணுதாங்க இருக்கு தொரை. ஒத்த ஆளுன்னு அந்தக் கார்ட யாரும் புடுங்கிக்கிடல. அரிசி குடுக்குறாக. இதுக்கு மட்டும் ஏனுங்க ஒத்த ஆளு சேராது?”

குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோலத்தான் இருந்தது. தலைவர் காதுத்துணியை அவிழ்த்தார். மேல்மலைப் பெரியவர் அதுவரை பூண்டு ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

“எருமை எறங்குனா எங்களுக்கும் இதே கதிதானுங்க. எங்க காட்டச் சுத்தி அகழி கெடக்கு, அவுகளுக்கு இல்ல. வெட்டிக் குடுத்துட்டு ஒரு வருசம் பாருங்க. வெளையலன்னா அப்பறம் பேசுவோம்.”

அப்படித்தான் முடிவானது. எட்டு வீட்டுக்கும் இன்னொரு வருடம். தலைவர் அதை ஏதோ தானே முதலில் சொன்னதுபோலக் குறிப்பில் எழுதச் சொன்னார், எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மலையை மூடியிருந்த பனி கொஞ்சம் விலகியிருந்தது. தெய்வானையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஏழு பேருக்கும் விதைப்பூண்டு தன் பரணிலிருந்தே கொடுக்கட்டுமா என்று கேட்டார். விதைக்குத் திட்டத்திலேயே வழி இருக்கிறது என்றேன். இருந்தாலும் தன்னுடையது இந்த மண்ணுக்குப் பழகிய பூண்டு என்றார். அந்த நிமிடம் நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை.

டிரங்க் கால் அதற்குப் பிறகுதான் வந்தது. மதுரைக்காரர் கேட்டுவிட்டு நிரலை எடுத்துவந்து வரி வரியாகப் பார்த்தார். பிறகு, மொழி தப்புப் பண்ணலியே, நாம கேட்டதத்தான குடுத்துருக்கு என்றார். ஆமாம் என்றேன். அவர் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தெரியும். ஆனால் அடுத்த மாதம் நான் மதுரைக்கு இறங்கியபோது, வரிகளைப் பிரிக்கும் ஒவ்வோர் இடத்திலும் ‘டிராப் வேண்டாம்’ என்ற சொல்லை அவரே சேர்த்து வைத்திருந்தார். கூடவே, ஒவ்வொரு சராசரிக்குப் பக்கத்திலும் அதில் எத்தனை பேர் என்று காட்டும் ஒரு பத்தி. அது எங்கள் ஆபீசரின் கேள்வி. அதன் பிறகு நான் எங்கே போனாலும் அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

இதைக் கேட்டதும் இளம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, நீங்களும் கேட்பீர்கள். இன்றைக்குத் தரவில் லட்சக்கணக்கில் வரிகள் இருக்கும்போது ஒரு பிரிவில் ஒரே வரி வருவது எங்கே நடக்கப்போகிறது? நடக்கும். தரவு பெரிதாகப் பெரிதாக அதை நாம் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறோம். இந்த ஊர், இந்த வயது, இந்தத் தொழில், இந்த நோய் என்று சல்லடை போட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஏதாவது ஒரு துளையில் ஒரு ஆள் தனியாக நிற்பார். அவருக்கு வரும் எண் அபத்தமாக இருந்தால் பிரச்சினை இல்லை, அது கத்திவிடும். நீங்கள் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததற்குப் பொருத்தமாக வந்தால்தான் கவனியுங்கள். என்னால் அன்றைக்குப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் என் கையில் ஒரு பூண்டு இருந்ததுதான். உங்கள் எல்லோருக்கும் வாசலில் யாராவது பையோடு காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

மறுவருடம் அறுவடை முடிந்து தரவை ஏற்றினோம். அகழி வெட்டியாகிவிட்டது, எருமைகள் மறுகரையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன என்று தெய்வானையம்மாள் சொல்லிச் சிரித்தார். மதுரையில் கணினி முன்னால் உட்கார்ந்து, குடியிருப்பின் வரிகளை எடு என்று நானே அடித்தேன். திரையில் எட்டு வரிகள் வந்தன. முழு அட்டவணை, வரியும் பத்தியும் சட்டமுமாக. சராசரி மேல்மலையைவிடக் கொஞ்சம் குறைவு, எங்கள் நிலத்தைவிட ரொம்பக் குறைவு. நாற்பத்திரண்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில் எட்டு பேர் என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குத்தகை நீண்டது.

மதுரைக்காரர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். இந்த வருடம் எட்டு வரி வந்துவிட்டதே, அந்த ‘டிராப் வேண்டாம்’ இங்கே சும்மாதானே இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டு விசைப்பலகையில் கை வைத்தார். போன வாரம் உங்களில் அந்தப் பெண் கேட்ட அதே கேள்வி.

எட்டாவதாக நின்ற தெய்வானையம்மாளின் வரியை அவருக்குக் காட்டினேன். போன வருடம் இருந்ததும் அது ஒன்றுதான். சும்மா இருக்கட்டும் சார், அந்தம்மா தனியா நிக்கிற வருஷத்துக்கு வேணும் என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.